பீ என்றால் அக்கா

மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தியதை உன் அம்மாவும் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டிருப்பார். "வாட் டிட் யூ டெல் ஹெர், அப்பா?" என்று அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாய். உங்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த லெக், ஆக்லாந்திலிருந்து உங்களோடு தாய்லாந்துக்குத் திரும்பிய மறுநாளே பெட்டியோடு வெளியேறிவிட்டாள், காரணம் கேட்டால் "உங்கள் அப்பாவைக் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னாள் என்றாய். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் குறுக்கே விழுந்தாய். கடிதத்தில் குறுக்கே விழ முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. நம் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். நீ செய்ததை இங்கே ஆக்லாந்தில், பக்குரங்காவில் ஒரு வீடு நிறைய ஆட்களுக்கு முன்னால் செய்தாய். அதற்குரிய பதிலை மட்டும் நான் ஏன் உன் காதுக்குள் சொல்ல வேண்டும்? அன்று சிரித்தவர்கள் எல்லோரும் மலர் வாங்குகிறவர்கள்தான். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன பலன் அவ்வளவுதான். சென்னையில் படித்தவள் உன் மனைவி. அவள் வாசித்துக் காட்டட்டும், வெட்கமான இடங்களைத் தாண்டாமல் வாசிக்கட்டும்.

உனக்குச் சரியாகச் சொல்லாத ஒரு காலத்தை முதலில் சொல்கிறேன். நீ பிறக்கும் முன்பு, நியூசிலாந்து எங்களை அகதிகளாக எடுக்கும்வரை, நானும் உன் அம்மாவும் பாங்கொக்கில் ஒரு சந்துக்குள் இருந்தோம். அப்போதுதான் கல்யாணமான புதிது. விசா முடிந்துவிட்டது, வேலை செய்ய அனுமதி இல்லை. அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். ஊரில் இரண்டு பேரும் படித்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். அங்கே கடையில் சோறு கேட்கத் தெரியாது. ('தாய் மொழி' என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் குழம்புவார்கள், ஆகவே தாய்லாந்து மொழி என்றே எழுதுகிறேன்.) அந்த மொழியில் சோற்றுக்கும் முழங்காலுக்கும் ஏறக்குறைய ஒரே சொல், இழுக்கிற ராகம்தான் வேறு. நான் சோறு கேட்டால் கடைக்காரி தன் முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் இல்லை.

எங்கள் அறைக்குக் கீழே தாவ் என்ற பெண் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் சூப் விற்றாள். எங்களை விட மூத்தவள். அந்த நாட்டில் மூத்தவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை. பெயருக்கு முன்னால் ஒரு சொல் வைக்க வேண்டும். அண்ணனுக்கும் அதே சொல், அக்காவுக்கும் அதே சொல். அந்தச் சொல் 'பீ'. அவர்கள் கொஞ்சம் காற்று விட்டு, ராகத்தை இறக்கிச் சொல்வார்கள். தமிழ்க் காதுக்கு அந்தக் காற்றும் கேட்காது, ராகமும் கேட்காது, நமக்குத் தெரிந்த அந்த ஒன்றுதான் கேட்கும். முதல் வாரம் பாயில் படுத்துக்கொண்டு நானும் உன் அம்மாவும் வயிறு நோகச் சிரித்தோம். "செத்தாலும் ஒரு மனுசியை நான் அப்பிடிக் கூப்பிட மாட்டன்" என்றாள் அம்மா. அதற்குப் பதிலாக அவளை "அக்கா" என்று தமிழிலேயே கூப்பிட ஆரம்பித்தாள். அங்கே பெண்கள் மரியாதைக்காக ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் 'க்கா' என்று ஓர் ஒலி சேர்ப்பார்கள். தாவுக்குக் கேட்டது அதுதான். "உன் பெண்சாதி என்னைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் மரியாதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாளே, ஏன்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

பிறகு ஒரு காலை, நாங்கள் வண்டியடியில் நின்றபோது குடிவரவுப் பொலிஸ் சந்துக்குள் வந்தது. தாவ் என்னைத் தன் வீட்டுக் கக்கூஸுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உன் அம்மாவின் தலையில் தன் தொப்பியைக் கவிழ்த்து, கையில் அகப்பையைக் கொடுத்தாள். இவள் யார் என்று பொலிஸ்காரன் கேட்டான். "என் தங்கச்சி, தெற்கிலிருந்து வந்திருக்கிறாள், வாய் பேச மாட்டாள்" என்றாள். அகப்பட்டிருந்தால் அவளையும் ஏற்றியிருப்பார்கள். அவர்கள் போன பிறகு நான் வெளியே வந்து பார்க்கிறேன், உன் அம்மா அகப்பையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "பீ தாவ், பீ தாவ்" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். அன்றைக்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் வீட்டில் நாறவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன் கம்பனி உன்னை அதே நாட்டுக்கு அனுப்பியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகன் விசாவோடு போகிறான், நீச்சல்குளம் உள்ள மாடிவீட்டில் இருப்பான், யாரையும் கண்டு ஓட வேண்டியதில்லை என்று ஈஸ்ட் டாமாக்கிக் கிடங்கில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பிள்ளை பிறந்ததிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு அந்த மொழியில் சாப்பாட்டுக்குச் சொல்லவும், டாக்சியை நிறுத்தவும், விலை குறைக்கச் சொல்லவும் மட்டும்தான் தெரியும். ஒரு மாத லீவில் இங்கே எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மேசையில் இருந்துகொண்டு அந்த நாட்டுக்காரர்களைப் பற்றி எவ்வளவு குறை சொன்னீர்கள்! சிரிக்கிறார்கள் ஆனால் வேலை நடக்காது, எதைத் தொட்டாலும் மீன் வாசம், வீட்டுக்குள் செருப்பைப் போட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவ்வளவையும் லெக் சமைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள். அவள் அடுப்படியில் நின்று, உங்கள் தட்டுகள் காலியாகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றே அருவருப்பாக இருந்தது, பயணக் களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

எனக்கு அவளுடைய மொழி சந்தைக்குப் போய்வருகிற அளவுக்கு ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்ததும் லெக்கின் முகம் மாறிவிட்டது. கிளென் ஈடனில் எங்கள் வீட்டில் அவளோடு கதைக்க வேறு யார் இருந்தார்கள்? என்னை "போ" என்றாள், அம்மாவை "மே" என்றாள். அவளுடைய மொழியில் அப்பாவும் அம்மாவும் அவைதான். ஒரு மாதம் முழுக்க என் வீட்டுக்குள்ளேயே என்னை ஒருத்தி "போ, போ" என்று கூப்பிட்டாள், நான் நின்று "என்னம்மா?" என்று கேட்டேன். என் பேத்தி ஆரணி அவளைப் "பீ லெக்" என்பாள், அவசரம் என்றால் வெறும் "பீ". நித்திரையால் எழும்பியதும் பிள்ளையின் வாயில் முதலில் வருவது அதுதான். லெக் எங்கே இருந்தாலும் "ஜா…" என்று இழுத்துப் பதில் கொடுத்தபடி ஓடி வருவாள். ஒவ்வொரு தடவையும் நீயும் உன் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள். என்ன என்று எனக்கு விளங்கியது, சின்ன வயதுச் சிரிப்பு, தானாக அடங்கும் என்று நினைத்தேன். உங்களுக்கு அது அடங்கவில்லை, அரங்கேறியது.

பக்குரங்காவில் உன் கூட்டாளியின் வீட்டில் ஆரணியின் பிறந்தநாள். ரோல்ஸும் வடையும் பின்வளவில் பார்பிகியூவும். கேக் வெட்டியாயிற்று. லெக் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள், இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டிருந்தாள். நீ கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டாய். "கைஸ், கைஸ், இதைக் கேளுங்கோ. ஆரணி, கால் ஹெர். லவுடா." பிள்ளை "பீ!" என்றது. லெக் "ஜா…" என்றாள். வீடு இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. "அகெய்ன், அகெய்ன்" என்றாய். மறுபடியும் "பீ!" மறுபடியும் "ஜா…" உன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தினமும் எங்க வீட்ல இதுதான் சுப்ரபாதம், ஆமா! கூப்பிட்டா வேற ஓடி வர்றாங்க பாருங்க!" என்றாள். நாங்கள் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லி வளர்ந்தவன் நீ. உனக்கு ஒழுங்காகத் தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒரு கையால் அள்ளிவிடலாம். அந்தக் கொஞ்சத்துக்குள் கிடந்த இந்த ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு வந்து, ஊருக்கு முன்னால் உன் தமிழைக் காட்டினாய்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நம் ஆள் ஒருவர், பெயர் போடவில்லை, வாசிக்கும்போது அவருக்கே தெரியும், பிள்ளைக்கு முன்னால் குந்தினார். "ஓம், பீ எண்டால் என்னெண்டு தெரியுமோ குஞ்சு?" என்று கேட்டு, பிள்ளையின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டி, மூக்கைப் பொத்தி, "ச்சீ!" என்றார். சின்னப் பிள்ளைக்கு ஆட்கள் சிரித்தால் போதும். ஆரணி லெக்கின் முகத்துக்கு நேரே மூக்கைப் பொத்தி "பீ, ச்சீ!" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லெக்கும் சிரித்தாள். பிள்ளை ஏதோ கெட்டித்தனமாகச் சொல்லிவிட்டது என்று நினைத்து, பெருமையாக, பிள்ளையின் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டு சிரித்தாள். என் வாயில் கேக் இருந்தது. குளியலறைக்குப் போய்த் துப்பிவிட்டு, திரும்பி வராமல் காருக்குப் பக்கத்தில் நின்றேன். நான் வாந்தி எடுத்ததாக நீ நினைத்தாய். ஏறக்குறைய அதுதான்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "அவளுக்கு விளங்காது எண்டபடியால்தானே உப்பிடிச் செய்தனி?" நீ கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாய், "எக்ஸாக்ட்லி அப்பா. ஷி டஸன்ட் கெட் இட். நோ ஹார்ம்." அவள் பின்சீட்டில் உன் பிள்ளையின் வாயில் ஒட்டியிருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மாமா, சும்மா ஜோக்குக்குத்தான். நீங்க ஏன் சீரியஸா எடுத்துக்கிறீங்க?" என்று உன் மனைவி கேட்டாள். ஒருவருக்கு விளங்காது என்பதே அவரை வைத்துச் சிரிக்கப் போதுமான அனுமதி என்று உனக்கு யார் சொல்லித் தந்தது? நானா, அம்மாவா? எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

ஏனென்றால் உனக்கே நடந்திருக்கிறது. உன் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதாததற்குக் காரணம் அதுதான். எழுதினால், இங்கே பள்ளிக்குப் போன எவருக்கும் அதன் முன்பாதி ஆங்கிலத்தில் என்ன அசிங்கமாகும் என்று உடனே பொறி தட்டும். பிரைமரியில் உன் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்தார்கள். நீ வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு, பெயரை மாற்றித் தா, நாளைக்கே மாற்றித் தா என்று காலை உதைத்து அழுதாய். அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் பெயர் எந்தச் சாமியின் பெயர், யார் வைத்தது என்று சொன்னாள். உனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "தே ஆர் லாஃபிங், அம்மா" என்று மட்டும் சொன்னாய். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து, உடைந்த ஆங்கிலத்தில் உன் டீச்சரோடு சண்டை பிடித்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு வயது ஏழு. உனக்கு வயது முப்பத்தைந்து.

பிறந்தநாளுக்கு மறுநாள் காலை லெக் பிள்ளையைக் குளிப்பாட்டக் கூப்பிட்டாள். ஆரணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். சோறு தீத்தப் போனாள், மூக்கைப் பொத்தினாள். உங்களுக்கு அதுவும் வேடிக்கை, வீடியோ எடுத்தீர்கள். அந்த நான்கைந்து நாட்களில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லெக் ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தாள். ஏற்கெனவே தோய்த்த சட்டைகளைத் திரும்பவும் தோய்த்தாள். ஆசியக் கடையில் ஆசையாக வாங்கி வைத்திருந்த மீன் ஊறல் போத்தலை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டாள். தெருமுனை டெய்ரிக் கடைக்குப் பால் வாங்கப் போனவள், பாலோடு ஒரு டியோடரண்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். கடைசியில், நீங்கள் இரண்டு பேரும் கடைகளுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னிடம் வந்தாள். "போ, ஒன்று கேட்பேன், பொய் சொல்லக் கூடாது. என் உடம்பு நாறுகிறதா?"

பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளை விளையாடுகிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்கள் வீட்டில் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். ஆரணி பிறந்ததிலிருந்து அவளுடைய கையில் வளர்ந்தவள், அவள் போனால் பிள்ளை வாடிவிடும். என் பேத்தி அவள், எனக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைக்காதே. ஆனால் இவள் தன் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருக்க, நான் விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்க முடியாது. சொன்னேன். எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அன்று ஏன் சிரித்தார்கள், பிள்ளை ஏன் மூக்கைப் பொத்துகிறது, எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு அசிங்கமான ஒன்றை இன்னொருவருடைய மொழியில் அடக்கமாகச் சொல்ல எனக்குச் சொல் பத்தவில்லை. அதையும் என் சொந்த மகனைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது.

"பிள்ளை பேசத் தொடங்கியதிலிருந்தா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "நீங்களும் சிரித்தீர்களா?" என்றாள். எங்கள் முதல் வாரத்தையும் தாவையும் சொன்னேன். அவள் அதைப் பெரிதாகக் காதில் வாங்கவில்லை, என் பழங்கதை அவளுக்கு எதற்கு? கொடிக்குப் போனாள். உன் நீலச் சட்டையை உருவி எடுத்து, புல்லில் போட்டு, செருப்புக் காலால் நன்றாக மிதித்தாள். பிறகு எடுத்து உதறித் திரும்பவும் கொடியில் போட்டாள். முதுகில் மண் அடையாளம் போகவில்லை, லெக்குக்கு வரவர வேலையில் கவனமில்லை என்று உன் மனைவி குறைப்பட்டாளே, அது அந்தச் சட்டைதான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. "பிளேனில் பிள்ளை என் மடியில்தான் படுக்கும். கொண்டுபோய் வீட்டில் விடுகிறேன். அதற்குப் பிறகு இல்லை" என்றாள். சொன்னபடி செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இதுதான் நான் அவளுக்குச் சொன்னது. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். இன்னொரு வேலைக்காரியைப் பிடிக்க நாளாகும், அதுவரை அம்மாவை அனுப்பு, டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னாய். அம்மாவின் பதில் இது, அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்த லெக் பிள்ளையைப் போய்க் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. அவள் இருக்கிற வீடெண்டால் நான் வாறன். நாளைக்கு நான் அங்க ஏதும் தெரியாமல் கதைச்சால் என்னையும் வைச்சுச் சிரிப்பினம்."

இந்தக் கடிதத்தை இங்கே முடித்திருப்பேன். ஆனால் நேற்று உன் மனைவி வீடியோவில் கூப்பிட்டு ஆரணியைக் காட்டினாள். பிள்ளை மெலிந்துவிட்டாள். "அப்பப்பா" என்று என்னைக் கூப்பிட்டாள், பிறகு கதவுப் பக்கம் திரும்பி "பீ! பீ!" என்று கூப்பிட்டாள். லெக்கைத் தேடுகிறாள் என்று நினைத்து, "பீ லெக் ஊருக்குப் போயிட்டா, குஞ்சு" என்றேன். அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். கதவடியில் வந்து நின்ற உன்னை விரலால் காட்டினாள். "டாடி பீ" என்றாள், உங்கள் முகங்களைப் பார்த்தாள், சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். "ஸ்டாப் இட்! டோன்ட் யூ எவர் கால் மீ தட்!" என்று நீ கத்தியது இங்கே வரை கேட்டது. பிள்ளை மிரண்டு அழுதாள், போன் நின்றுவிட்டது.

அவளைப் பார்த்துக் கத்தாதே. நீ சொல்லிக் கொடுத்த அர்த்தத்தில்தான் அவள் சொல்கிறாள். அதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்த மற்ற அர்த்தத்தை இனி நீயோ உன் மனைவியோ நானோ சொல்லிக் கொடுக்க முடியாது. அது முடிந்தவள் லெக்தான், அவளுடைய ஊர் தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கிறது, பஸ் போகிறது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரண்டு பேரும் போங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளுடைய ஆட்களுக்கு முன்னால் அவளை அந்த மரியாதைச் சொல்லால் கூப்பிடு. அவள் வராமல் போகலாம், அது அவளுடைய விருப்பம். ஆனால் கூப்பிடும்போது உன் உதட்டின் ஓரம் அசையக் கூடாது. பிள்ளை உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பா